அருவி ஸ்டேஜ்

எங்க ஊர்ல மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில எப்ப வரும்னு ஒரு கணக்கு இருக்கு. ஆனா கரண்ட் அந்தக் கணக்குப்படி வராது. அதனால நவரைக்குத் தண்ணி கட்டுற காலத்துல மோட்டார் கொட்டாயிலயே படுத்துக்கறது வழக்கம். கயித்துக் கட்டில், கொசுவத்தி, டார்ச் லைட்டு, ஒரு பிளாஸ்க் டீ. இந்த வருஷம் தை மாசம் அதோட இன்னொரு சாமானும் சேர்ந்துச்சு. ஒரு ராத்திரி பதினோரு மணி இருக்கும், மடை பாக்க வந்த பக்கத்துக் கழனிக்காரர் கொட்டாய் வாசல்ல நின்னு, "இன்னாபா, உள்ள டொய்ங் டொய்ங்னு சத்தம்? தவளை கிவளை பூந்துடுச்சா?"ன்னு கேட்டாரு.

சொன்னா சிரிப்பீங்க. 54 வயசுல, மம்முட்டிய சுவத்துல சாத்தி வெச்சுட்டு, மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு நான் மாரியோ ஆடிக்கிட்டு இருந்தேன்.

எங்க அக்கா பையன் பொங்கலுக்கு வந்தப்ப கொடுத்துட்டுப் போனது அது. சோப்பு டப்பா சைஸ்ல ஒரு பொட்டி. உள்ள 400 கேமு. எல்லாம் 30, 40 வருஷத்துக்கு முந்தின பழைய டிவி கேமு. பழைய நோக்கியா போனுக்குப் போடற மாதிரி ஒரு பேட்டரி. டிவியில சொருகறதுக்கு மஞ்சள் முனை வெச்ச ஒயரு, ரெண்டாவது ஆள் ஆடறதுக்குத் தனியா ஒரு குட்டி கன்ட்ரோலும் உண்டு. "மாமா, நீங்க திருவொத்தியூர்ல இருந்தப்ப இதெல்லாம் ஆடுவீங்கன்னு அம்மா சொல்லிச்சு"ன்னான். வாங்கி அலமாரியில வெச்சேன். ரெண்டு நாள் தொடவே இல்ல. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

என்னைத் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க ஊரு பொன்னேரிக்குப் பக்கம். எங்கப்பாவுக்கு மூணு ஏக்கர். பத்தாவது முடிச்சுட்டு கழனியிலதான் இருந்தேன். சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு எங்க பக்கம் வருஷத்துக்கு மூணு போகம் பேருக்கு உண்டு. மழை இல்லாத வருஷம் ஒண்ணு வந்தாலே மூணும் பேரோட நின்னுடும். அப்படி ஒரு வருஷத்துலதான் எங்கப்பா என்னை யூனிட் வண்டியில ஏத்தி ராயபுரத்துல சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிச்சாரு. 1992. திருவொத்தியூர்ல ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் ஆளா சேர்ந்தேன். அடுத்த வருஷம் என் தம்பியும் வந்துட்டான். அவனுக்குக் காசிமேட்டுல போட் இஞ்சின் ரிப்பேர் பண்ற பட்டறையில வேலை. ரெண்டு பேரும் காலடிப்பேட்டையில ஒரு ரூம் எடுத்தோம். 98-ல நான் கழனிக்குத் திரும்பிட்டேன். அவன் அங்கேயே கல்யாணம் பண்ணி எர்ணாவூர் பக்கம் தங்கிட்டான்.

அந்தக் காலத்து வடசென்னைய நினைச்சா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது புகையும் இல்ல, கண்டெய்னர் லாரியும் இல்ல. எங்க ரூமுக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்த ஒரு வீடியோ கேம் கடைதான். கடைன்னா ஒரு வீட்டு முன்ரூம். நாலு டிவி, எட்டு ஸ்டூலு. அரை மணிக்கு ரெண்டு ரூபா. கடையப் பாத்துக்கிட்டது ஒரு அக்கா. மடியில முறத்த வெச்சு அரிசி பொறுக்கிக்கிட்டே, பக்கத்துல அலாரம் கடிகாரம் வெச்சு, "நாலாம் நம்பர், டைம் ஆச்சு, எந்திரி"ம்பாங்க. பாஸ் கிட்ட நிக்கிறோம், இன்னும் ஒரு அடி அடிச்சா முடிஞ்சுதுன்னு கெஞ்சினாலும் ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணிடுவாங்க. அங்க ஸ்கூல் பசங்க மட்டும் ஆடினாங்கன்னு நினைக்காதீங்க. ஷிப்டு முடிஞ்சு கிரீஸ் கையோட வர்ற ஆளுங்க, கடலுக்குப் போயிட்டு வந்து கையில காசு இருக்கற காசிமேட்டுப் பசங்க, ஹார்பர்ல லோடு இறக்கறவங்க எல்லாரும் ஸ்டூலுக்குக் காத்துக்கிட்டு நிப்பாங்க.

94 தீபாவளி போனஸ்ல நாங்களே ஒரு செட்டு வாங்கினோம். பர்மா பஜார்ல. பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ல, பர்மாவுல இருந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க பொழைக்கறதுக்காக 1969-ல உண்டான கடைங்க அது. ஹார்பர் பக்கத்துலயே இருக்கறதால வெளிநாட்டுச் சாமான்னாலே அங்கதான் போவோம். 1400 சொன்னான், 850-க்கு முடிச்சோம். கூட ஒரு மஞ்சள் கேசட்டு. மேல 99999 இன் 1-ன்னு போட்டிருந்துச்சு. வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்தா அஞ்சே கேமுதான் திரும்பத் திரும்ப வருது. ஒண்ணுல முதல் ஸ்டேஜ்ல ஆரம்பிக்கும், இன்னொண்ணுல மூணாவது ஸ்டேஜ்ல ஆரம்பிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். எங்களுக்கு வருத்தமே இல்ல. அந்த அஞ்சுல மாரியோ இருந்துச்சு, காண்ட்ரா இருந்துச்சு, அட்வென்ச்சர் ஐலண்டு இருந்துச்சு. வேற என்ன வேணும்?

டிவி எங்களுது இல்ல, வீட்டுக்காரரோட பழைய சாலிடேர். அவங்க வீட்டுல எல்லாரும் பாத்து முடிச்சு, பத்தரைக்கு மேல எங்க ரூமுக்குத் தூக்கிட்டு வந்துடுவோம். சத்தம் வெக்கக் கூடாதுன்னு கண்டிஷன். அதனால நாலு வருஷமும் ஊமைப் படமாத்தான் ஆடினோம்.

இப்ப ஆடினதுல முதல்ல எனக்கு அதிர்ச்சியா இருந்தது அதுதான், சத்தம். மாரியோ பாட்டு எனக்குத் தெரியும், கடையில கேட்டிருக்கேன். ஆனா நாலு டிவி ஒண்ணா கத்தறப்ப என்ன கேக்கும்? கொட்டாயில தனியா உக்காந்து கேட்டப்பதான், நேரம் 100-க்குக் கீழ இறங்கினதும் அந்தப் பாட்டு விறுவிறுன்னு வேகமாகும்னு கவனிச்சேன். ரூம்ல ஆடினப்ப எத்தனையோ தடவை கொடிக்கம்பத்துக்குப் பத்தடி முன்னால நேரம் முடிஞ்சு செத்திருக்கோம். பாட்டு வேகமாகி எச்சரிக்கை கொடுத்திருக்கு, எங்களுக்குத்தான் கேக்கல. அந்தப் பாட்டுங்களப் போட்டவர் கோஜி கோண்டோன்னு ஒரு ஜப்பான்காரர். எங்க வீட்டுக்காரம்மா கேட்டுட்டு, "கல்யாண பேண்டு மாதிரி இருக்கு"ன்னா. நல்லாத்தான் இருக்கு.

அக்கா பையன் கம்ப்யூட்டர் ஆளு. அவன் ஒரு விஷயம் சொன்னான். 1985-ல வந்த அந்த மாரியோ கேமு மொத்தமும் 40 கேபிதானாம். காலையில வாட்ஸப்புல வர்ற ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெருசு. அதனால மேகத்துக்குன்னு ஒரு படம், செடிக்குன்னு ஒரு படம் வரையல. ஒரே படம்தான், வெள்ளை அடிச்சா மேகம், பச்சை அடிச்சா செடி. அவன் சொன்னதும் போய் பாத்தேன், நெசம்தான். நாலு வருஷம் ராத்திரி பகலா பாத்த படத்துல இது கண்ணுல படவே இல்ல. இருக்கறத வெச்சு ஒப்பேத்தறதுங்கறது எங்களுக்குப் புதுசு இல்ல. பழைய ட்யூப வெட்டி மோட்டாருக்கு வாஷர் போடற ஜாதி நாங்க. அந்த ஜப்பான்காரங்க மேல எனக்கு ஒரு மரியாதை வந்துடுச்சு.

அட்வென்ச்சர் ஐலண்டு பத்தி விவசாயியா ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு, இடுப்புல ஓலைப் பாவாடை கட்டின குண்டு ஆளு ஒருத்தன் கல்லுக் கோடாலி எறிஞ்சுக்கிட்டே ஓடுவான். மத்த கேமுல எதிரி அடிச்சாதான் சாவு. இவன் சாப்பிடலன்னாலே செத்துடுவான். மேல ஒரு கோடு குறைஞ்சுக்கிட்டே வரும், வழியில தொங்கற பழத்த எடுத்துத் தின்னுக்கிட்டே ஓடணும். பசிய கணக்குல எடுத்துக்கிட்ட கேமு இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு. ஆனா ஒரு கோவமும் உண்டு. முட்டை உடைச்சா சில சமயம் உள்ள இருந்து ஒரு கத்திரிக்கா வரும். அது தலைக்கு மேல நின்னுக்கிட்டு உசிரு மொத்தத்தையும் உறிஞ்சிடும். பழம் தின்னா உசிரு, கத்திரிக்கா வந்தா சனி! அரை ஏக்கர் கத்திரி போட்டிருக்கறவன் நான். கிலோ நாலு ரூபாய்க்குக் கேட்ட ஒரு வாரத்துல இத ஆடினேன். கேமு போட்டவனும் எங்கேயோ கத்திரி போட்டு நொந்தவன்தான்னு தோணிச்சு.

இப்ப, திரும்ப ஆடறது பத்தி என் அபிப்பிராயம். பழசத் திரும்ப ஆடறவங்க எல்லாரும் சின்ன வயசு திரும்பி வந்த மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு அப்படி வரல. கை மட்டும்தான் திரும்பி வந்துச்சு. காண்ட்ரா முதல் ஸ்டேஜ்ல பாலம் வெடிக்கறதுக்கு முன்னாடி என் கட்டை விரல் தானா குதிக்குது. எஸ் எழுத்து போட்ட துப்பாக்கி எங்க பறந்து வரும்னு கண்ணுக்குத் தெரியல, விரலுக்குத் தெரியுது. 30 வருஷமா மாட்டுக் கயிறும் மம்முட்டியும் புடிச்ச கை இத எங்க வெச்சிருந்துச்சோ. ஆனா மனசு அந்த வயசுக்குப் போகல. அந்த வயசுல நாம எப்படி இருந்தோம்னு வெளிய நின்னு பாக்கற மாதிரிதான் இருந்துச்சு. கேமு ஒரு புள்ளி கூட மாறாம அப்படியே இருக்கு. அதனால மாறினது எல்லாம் நம்ம பக்கம்தான்னு தெரிஞ்சுடுது.

ஒரு உதாரணம். மாரியோவுல எட்டு உலகம், உலகத்துக்கு நாலா மொத்தம் 32 ஸ்டேஜ். ரெண்டாவது ஸ்டேஜ்லயே கூரை மேல ஏறி ஓடினா ஒரு ரகசிய ரூம் வரும், அங்க இருந்து நேரா நாலாவது உலகம். அங்க ஒரு கொடியப் புடிச்சு ஏறினா எட்டாவது உலகம். கடையில இந்த வழி தெரிஞ்சவனுக்குத்தான் மரியாதை. நாங்களும் கத்துக்கிட்டு எப்பவும் அப்படியே போவோம். எட்டுல போய் செத்துடுவோம். ஒரு தடவை கூட முடிச்சது இல்ல. இந்த தடவை கொட்டாயில குறுக்கு வழியே வேணாம்னு வரிசையா ஆடினேன். ரெண்டாவது உலகத்துல ஒரு பாலம் வருது, கீழ இருந்து மீனுங்க எகிறி எகிறி மேல வந்து விழுது. வலை இருந்தா ஒரு கூடை அள்ளலாம். காசிமேட்டுப் பசங்க கூட நாலு வருஷம் ஆடியும் நாங்க யாரும் அந்த மீனப் பாத்ததே இல்ல. சீக்கிரம் கடைசிக்குப் போகணும்னு குறியா இருந்து, பாதி கேமு எங்க கண்ணுல படாமலே போயிருக்கு.

இன்னொண்ணு, அந்த மாரியோவுல திரை முன்னாடிதான் நகரும். ஒரு அடி தாண்டிட்டா பின்னாடி விட்ட காச எடுக்க முடியாது. எங்க வீட்டுக்காரம்மா பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, "ஏன், திரும்பிப் போய் எடுத்துக்கோ"ன்னா. முடியாதுன்னேன். "இது இன்னா கேமு"ன்னு எழுந்து போயிட்டா. அவளுக்கு ஒரு ரூபா கீழ விழுந்தாலும் திரும்பிப் போய் எடுக்கணும்.

அக்கா பையன் போன்ல ஆடறது வேற மாதிரி. எந்த இடத்துல வேணும்னாலும் சேவ் பண்ணிக்கறான். செத்தா அஞ்சு செகண்டு பின்னாடி இழுத்துட்டு அங்க இருந்தே ஆடறான். "எதுக்கு மாமா டைம் வேஸ்டு?"ங்கறான். எனக்கு அது புடிக்கல. சொல்லிட்டேன். முதல்ல இருந்து வரணுங்கற பயம்தான் அந்தக் கேமே. அந்தப் பயம் இல்லன்னா அது பொம்மை ஓடறத வேடிக்கை பாக்கற மாதிரிதான். கழனியில நாத்து போச்சுன்னா மறுபடி விதைக்கணும், மறுபடி 25 நாள் காக்கணும். இப்படி எல்லாம் வீராப்பா பேசிட்டு, எட்டாவது உலகத்துல நாலு ராத்திரி செத்ததுக்கு அப்புறம் அவன் போனை வாங்கி, சேவ் பண்ணி சேவ் பண்ணித்தான் முடிச்சேன். அந்த இளவரசி நன்றி சொன்னா. எனக்கு ஒண்ணும் தோணல. அதனால என் அபிப்பிராயம் சரின்னுதான் இன்னும் சொல்றேன். செத்தா அதே உலகத்துல ஆரம்பிக்க, ஏ பட்டன அமுக்கிக்கிட்டே ஸ்டார்ட் அமுக்கணும்னு ஒரு வழி அந்தக் கேமுக்குள்ளயே இருந்துச்சாம். 30 வருஷம் கழிச்சு சொல்றான் பையன். அந்த கடை அக்காவுக்கே தெரிஞ்சிருக்காது.

காண்ட்ராவ மட்டும் கடைசி வரைக்கும் தள்ளி வெச்சேன். முதல் ஸ்டேஜ் ரெண்டு தடவை ஆடிட்டு அணைச்சுட்டேன். காரணம், அது ரெண்டு பேர் கேமு.

தெரியாதவங்களுக்கு: 1987-ல கோனாமின்னு ஒரு ஜப்பான் கம்பெனி போட்டது. சட்டை இல்லாத ரெண்டு சிப்பாய்ங்க காட்டுக்குள்ள சுட்டுக்கிட்டே போவாங்க. நீல பேண்டு ஒருத்தன், சிவப்பு பேண்டு ஒருத்தன். நான் எப்பவும் நீலம், தம்பி சிவப்பு. ஆளுக்கு மூணு லைஃப். ஒரு குண்டு பட்டாலும் சாவுதான். மூணாவது ஸ்டேஜ் அருவி. அங்க திரை பக்கவாட்டுல போகாது, மேல போகும். பாறை பாறையா தாவி மேல ஏறணும். ரெண்டு பேர்ல எவன் மேல ஏறறானோ அவன் கூடவே திரையும் மேல போகும். கீழ இருக்கறவன் திரைக்கு வெளிய போனா செத்தான். எதிரி சுட வேணாம், கூட வர்றவன் அவசரப்பட்டாலே போதும்.

நான்தான் அவசரப்படுவேன். தம்பி, "ண்ணா, இரு. இரு ண்ணா. நான் இன்னும் கீழ நிக்கறேன்"னு கத்துவான். சத்தம் போடக் கூடாதுன்றதால கத்தறதையும் ரகசியமா கத்துவான். அதுக்குள்ள நான் தாவிடுவேன். அவன் மூணு லைஃபும் அந்த அருவியிலதான் போகும். அப்புறம் கன்ட்ரோல மடியில வெச்சுக்கிட்டு என் ஆட்டத்த பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்.

ஒரு நாள் கடையில இருந்து சிகரெட் அட்டை பின்னாடி எழுதிக்கிட்டு வந்தான். மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ. ஆரம்பத்துல இத அமுக்கினா மூணுக்குப் பதிலா முப்பது லைஃப். நான் ஒத்துக்கல. "மூணுல முடிக்கறவன்தான் ஆளு. முப்பது வெச்சு யாரு வேணும்னாலும் முடிப்பான்"னேன். அவன் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. "முடிக்கறதுக்கு இல்லண்ணா. முப்பது இருந்தா ரெண்டு பேருமே கடைசி வரைக்கும் இருக்கலாம் இல்ல." நான் அந்த அட்டைய வாங்கி ஜன்னல் வழியா போட்டுட்டேன். மூணுல நான் ஒரு தடவை எட்டாவது ஸ்டேஜ் வரைக்கும் போனேன். தனியாத்தான் போனேன்.

இத ஏன் இவ்வளவு நீட்டறேன்னா, 2019-ல இருந்து என் தம்பியும் நானும் பேசறது இல்ல.

அப்பா போனதுக்கு அப்புறம் கழனிய ஆளுக்கு ஒண்ணரை ஏக்கரா பிரிச்சோம். ரோட்டுப் பக்கம் அவனுக்கு, உள் பக்கம் எனக்கு. அவன் பொண்ணு படிப்பு, சம்சாரத்துக்கு ஆபரேஷன்னு கஷ்டம். கண்டெய்னர் யார்டுக்கு இடம் தேடிக்கிட்டு இருந்தவங்களுக்கு அவன் பங்க வித்துட்டான். என்கிட்ட முதல்ல கேட்டான், வாங்கிக்கோன்னு. அந்த விலைக்கு எனக்கு வக்கு இல்ல. விக்காதேன்னு மட்டும் சொன்னேன். அப்பா செத்து மூணு வருஷம் ஆகல, அதுக்குள்ள மண்ண விக்கறியான்னு ஊர் நடுவுல நின்னு கேட்டேன். கேக்கக் கூடாததும் ரெண்டு கேட்டேன்.

வாங்கினவங்க நாலு அடிக்கு மண்ணு கொட்டி மேடாக்கிட்டாங்க. முன்னாடி மழைத்தண்ணி என் கழனியில இருந்து அவன் கழனி வழியா ஓடைக்குப் போகும். இப்ப போக வழி இல்ல. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சம்பா கதிர் முத்தற நேரம். பதினோரு நாள் தண்ணி நின்னுச்சு. அறுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, அழுகின நாத்தம்தான். தினமும் வரப்புல நின்னு அந்த மேட்டப் பாத்து அவனத்தான் திட்டினேன். மேல ஏறி நின்னுக்கிட்டான், என்னைக் கீழ தள்ளிட்டான்னு.

அதே புயல்லதான் எண்ணூர் பக்கம் வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வந்துச்சு. டிவியில பாத்திருப்பீங்க. முகத்துவாரத்துல போட்டெல்லாம் கருப்பா, வலையெல்லாம் கருப்பா, வீட்டுச் சுவத்துல இடுப்பு உயரத்துக்குக் கருப்புக் கோடு. எர்ணாவூர் பேரும் சொன்னாங்க. அவன் வீட்டுக்குள்ளயும் வந்துச்சாம். மெத்தை, பொண்ணோட புக்கு எல்லாம் தூக்கிப் போட்டாங்களாம். அக்காதான் போன்ல அழுதுது. மீஞ்சூர்ல ஏறினா அரை மணி, முக்கால் மணிப் பயணம். நான் போகல.

சரி. போன பங்குனியில அம்மாவோட தெவசம். வருஷா வருஷம் அவன் வருவான். படைச்சு முடிஞ்சதும் இலையில உக்காந்து சாப்பிட்டு, அக்காகிட்ட சொல்லிட்டுப் போயிடுவான். என் மூஞ்சியப் பாக்க மாட்டான், நானும் பாக்க மாட்டேன். இந்த வருஷம் சாப்பிட்ட பின்னாடி அக்கா பையன் அந்தப் பொட்டிய டிவியில சொருகிட்டான். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் நினைச்சது தப்பு, அவன் வேணும்னேதான் செஞ்சிருக்கான். காண்ட்ராவப் போட்டு, "சின்ன மாமா, ரெண்டு பேர் ஆடறது எப்படி?"ன்னு கேட்டான். செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தவன் நின்னுட்டான்.

உள்ள வந்து உக்காந்தான். ரெண்டாவது கன்ட்ரோல எடுத்துக்கிட்டான். ஒண்ணாவது என் பக்கம் கிடந்துச்சு. எடுத்தேன். டைட்டில் திரை வந்து நின்னுச்சு. அவன் என்னைப் பாக்காம டிவியப் பாத்தே கேட்டான், "மூணா, முப்பதா?"

"முப்பதே போடு"ன்னேன்.

எனக்கு வரிசை மறந்துடுச்சு. அவன்தான் சொல்லச் சொல்ல அமுக்கினேன். மேல மேல, கீழ கீழ.

அருவி வந்துச்சு. நான் கீழ் பாறையிலயே நின்னேன். அவன் ஏறட்டும்னு. அவனும் நிக்கறான், நான் ஏறட்டும்னு. மேல இருந்து பாறை உருண்டு வந்து ரெண்டு பேரையும் சாகடிச்சுது. திரும்பவும் நிக்கறோம், திரும்பவும் பாறை. அக்கா பையன் தலையில அடிச்சுக்கிட்டான், "யாராவது ஒருத்தர் ஏறுங்களேன் மாமா!" அக்கா சிரிச்சுது. அப்புறம் அவன் ஏறினான். நான் விட்டுட்டேன், கீழ விழுந்து செத்தேன். "ண்ணா, சொல்லிட்டு ஏறணும், தெரியல"ன்னான். ஆறு வருஷத்துல என்கிட்ட நேரா பேசின முதல் பேச்சு அதுதான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி எண்ணி ஒண்ணா தாவினோம். அப்படியும் ஆளுக்கு பத்துப் பன்னெண்டு லைஃப் அந்த அருவியிலயே போச்சு. அஞ்சாவது ஸ்டேஜ், பனி கொட்டற இடத்துல இருந்தப்ப கரண்ட் போயிடுச்சு. சேவ் எல்லாம் அந்தப் பொட்டியில கிடையாது.

சாயங்காலம் பொன்னேரி ஸ்டேஷனுக்கு வண்டியில கொண்டு போய் விட்டேன். வழியில யார்டு வந்துச்சு. ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கல. பிளாட்பாரத்துல நிக்கறப்ப, "அந்த மேட்டுக்குக் கீழ சிமெண்ட் பைப் ஒண்ணு போட்டா ஓடைக்குத் தண்ணி போயிடும் இல்ல?"ன்னு கேட்டான். போகும்னேன். அங்க சூப்பர்வைசரா இருக்கற ஆளு அவனுக்குப் பழக்கமாம், கேட்டுப் பாக்கறேன்னான். கேட்டானான்னு இன்னும் தெரியல. நானும் போன் பண்ணிக் கேக்கல. சம்பாவுக்கு நாத்து விடறதுக்கு முன்னாடி தெரிஞ்சா நல்லது. உன் வீட்டுச் சுவத்துல அந்தக் கருப்புக் கோடு போச்சான்னு நான் கேட்டிருக்கணும். வண்டி வந்துடுச்சு.

போன மாசம் ஒரு வேலையா திருவொத்தியூர் போனேன். இப்ப மெட்ரோ ரயில் போகுது, காலடிப்பேட்டைக்குன்னு தனி ஸ்டேஷனே இருக்கு. அந்த கேம் கடை இருந்த வீட்டுல இப்ப தண்ணி கேன் அடுக்கி வெச்சிருக்காங்க. கேன் எடுத்துக் கொடுத்த பையன்கிட்ட அந்த அக்காவப் பத்திக் கேட்டேன், தெரியலன்னான். அப்படியே பீச்சுக்கு வந்து பர்மா பஜாரையும் ஒரு சுத்து சுத்தினேன். போன் கவரும் சார்ஜரும்தான் கடை கடையா தொங்குது. நான் தேடினது ரெண்டாவது ஆளோட கன்ட்ரோல். எங்ககிட்ட இருக்கறதுல பி பட்டன் சரியா அமுங்க மாட்டேங்குது, அன்னிக்கு தம்பி பாதி நேரம் சுட முடியாமத்தான் செத்தான். அது மட்டும் தனியா வராது, புதுப் பொட்டியே வாங்கிக்கோன்னாங்க. ஒரு கடையில மட்டும் திங்கக்கிழமை வா, பாத்து வெக்கறேன்னு சொல்லியிருக்காரு.